அப்பாவின் கல்லீரல் ஸ்டென்ட் இரண்டே வருடத்தில் சுருங்கிவிட்டது. வைத்த இடம்தான் காரணமா?

தக்காளி_மண்டி, பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. குடியால் வந்த சிரோசிஸ், அதாவது கல்லீரல் இறுகிப்போவது. குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது, அதில் பொய் இல்லை. விட்ட பிறகுதான் ரத்த வாந்தியே வந்தது என்று அவருக்கு இன்னும் மனத்தாங்கல். மூன்று முறை எண்டோஸ்கோபியில் பேண்டு போட்டும் நிற்கவில்லை. 2022 மார்ச்சில் ஒரு நடுராத்திரி ஆம்புலன்ஸில் போட்டு பெங்களூருக்குக் கொண்டுபோனோம். கழுத்து ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய் கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். டிப்ஸ் என்று பெயர் சொன்னார்கள். "ஓட்டல்ல வைக்கிறதா?" என்று கேட்டான் என் தம்பி. அந்த நேரத்திலும் அம்மா சிரித்துவிட்டார்.

வைத்த பிறகு ரத்த வாந்தி இல்லை. மாதம் இரண்டு தடவை வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு அதுவும் நின்றது. மண்டிக்கு வந்து உட்கார்ந்து பெட்டி எண்ண ஆரம்பித்தார். போன மாதம் வேட்டி கட்டும்போது, "முடிச்சு எட்ட மாட்டேங்குதுடா" என்றார். பார்த்தால் வயிறு மறுபடி ஏறியிருக்கிறது. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் ஸ்டென்டின் மேல் நுனியில் சுருக்கம், அந்த இடத்தில் ரத்த வேகம் விநாடிக்கு 240 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடி கழுத்து வழியாகப் போய் பலூன் அடித்து விரிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு ஸ்டென்ட் என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். ஸ்டென்ட் வைத்த இடம் சரியில்லாததால் இப்படி ஆனதா? இன்னொன்று வைத்தால் அது எத்தனை நாளைக்கு?

தொப்பூர்_கணவாய்

அண்ணா, என் மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ஏர் ஓட்டுகிறார். இரண்டு வருடத்தில் சுருங்கியது என்றால் மட்டமான சரக்கு வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. சும்மா விடாதீர்கள்.

ஓசூர்_கேத்லேப்

தொப்பூர் அண்ணா, அவசரப்படாதீர்கள். இதயத்தில் வைப்பது ஏற்கெனவே இருக்கிற ரத்தக்குழாய்க்குள். இது குழாயே இல்லாத இடத்தில் புதிதாக ஒரு வழி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

நான் ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரில் கேத் லேப் (ரத்தக்குழாய் வழியாக வைத்தியம் செய்யும் அறை) டெக்னீஷியனாகப் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஊசி குத்துகிறவருக்குப் பக்கத்தில் நின்று ஒயர் எடுத்துக்கொடுக்கிற ஆள். பார்த்ததைச் சொல்கிறேன்.

குடல், மண்ணீரல் எல்லாவற்றின் ரத்தமும் போர்ட்டல் வெயின் என்ற குழாயில் சேர்ந்து கல்லீரலுக்குள் போகும். உள்ளே வடிகட்டி, ஹெப்பாட்டிக் வெயின் வழியாக மேலே ஏறி, இதயத்துக்குப் போகும் பெரிய குழாயான வீனா கேவாவில் கலக்கும். சிரோசிஸில் கல்லீரல் இறுகிவிடுவதால் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் பின்னால் தேங்குகிறது. அந்த அழுத்தம்தான் உணவுக்குழாயில் இருக்கும் ரத்த நரம்பைப் புடைக்க வைத்து வெடிக்கச் செய்கிறது, வயிற்றில் நீரையும் கோர்க்கிறது. டிப்ஸ் என்பது கல்லீரல் சதையைக் குடைந்து, மேலே போகும் குழாயையும் உள்ளே வரும் குழாயையும் நேராக இணைத்துவிடும் குறுக்கு வழி. ஷண்ட் என்று சொல்வது அதைத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு போர்வெல் தெரியும். கேசிங் பைப்பை எதுவரை இறக்குவீர்கள்? கெட்டிப் பாறை வரும் வரைக்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாலு பைப் குறைத்து மண்ணிலேயே நிறுத்தினால் என்ன ஆகும்? பைப் அப்படியே இருக்கும், அது முடிகிற இடத்தில் மண் சரிந்து மூடிக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்கு நடந்திருப்பது ஏறக்குறைய அதுதான்.

ஸ்டென்டின் மேல் நுனி ஹெப்பாட்டிக் வெயினுக்குள் பாதியில் நின்றுவிட்டால், அங்கிருந்து வீனா கேவா வரை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெறும் நரம்பு மிஞ்சும். ஷண்டிலிருந்து பீய்ச்சி வரும் ரத்தம் அந்த மெல்லிய சுவரில் போய் மோதும். நரம்பு இயல்பாக வளைந்து போகிறது, ஸ்டென்டோ நேராக நிற்கப் பார்க்கும். அந்த முனை உரசிக்கொண்டே இருந்தால் நரம்பின் உள்தோல் தடித்து, வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். மேல் நுனி வீனா கேவாவின் வாய் வரைக்கும் போய்விட்டால் உரசுவதற்கு வெறும் நரம்பே மிச்சம் இருக்காது. இதைத் தனியாக ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். வாய் வரை போன ஷண்டுகள், பாதியில் நின்றவற்றைவிட அதிக நாள் திறந்திருந்தன.

தம்பி, 2022-ல் எடுத்த படங்களைப் பதிந்து கொடுத்த சிடி இருக்கிறதா? கடைசிப் படத்தைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அரூர்_புளி

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து 48 நாள் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் காமாலைக்கு அதுதான்.

பென்னாகரம்_வெள்ளைக்கோட்டு

அரூர் சார், இது காமாலை பற்றிய கேள்வியே இல்லை. குழாய் அடைப்பு. எந்த இலையும் அடைந்த குழாய் வாயைத் திறக்காது. கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருப்பவருக்கு டாக்டரிடம் சொல்லாமல் எதையும் அரைத்துக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் இரைப்பை குடல் துறையில் மேற்படிப்பு படிக்கிறேன். ஓசூர் அண்ணா சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, சேர்க்க வேண்டியது இருக்கிறது.

இந்த வைத்தியத்தின் கதையே ஸ்டென்டின் கதைதான். 1969-ல் ஜோசப் ரோஷ் நாய்களில் இந்தக் குறுக்கு வழியை முதலில் செய்துகாட்டினார். 1982-ல் டொராண்டோவில் கோலாபின்டோ மனிதர்களுக்குச் செய்தார், ஆனால் பலூனை ஊதி வழியைப் பெரிதாக்கியதோடு சரி. வழி மூடிக்கொண்டது. தாங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லையே. 1988-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உலோக ஸ்டென்ட் வைத்த பிறகுதான் இது நிற்கிற வைத்தியம் ஆனது.

அப்போதும் முழுதாக நிற்கவில்லை. அன்று வைத்தது வெறும் கம்பி வலை. கல்லீரலைக் குடையும்போது சின்னச் சின்னப் பித்தக் குழாய்களும் அறுபடும். பித்தம் வலை வழியாகக் கசிந்து ரத்தத்தில் பட்டால் உறையும், சதையும் வலைக்குள் வளர்ந்து வரும். அப்புறம் பிடிஎஃப்இ என்ற உறையைப் போர்த்திய ஸ்டென்ட் வந்தது. 2004-ல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில் மொத்தம் 80 நோயாளிகள். வெறும் வலை வைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஷண்ட் கெட்டது, உறை போட்டது வைத்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு மட்டும்.

உறை காப்பது உறை இருக்கிற இடத்தை மட்டும்தான். நடுவழி பிரச்சினை தீர்ந்தது, நுனிப் பிரச்சினை மிஞ்சியது. அதனால்தான் இன்று எந்த ஸ்டென்ட் என்ற கேள்வியைவிட எங்கே முடிகிறது என்ற கேள்வி பெரிதாகிவிட்டது.

தொப்பூர் அண்ணா, மட்டமான சரக்கு என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தம் கக்கிக்கொண்டு பிரஷர் இறங்கி நடுராத்திரி வந்த நோயாளி. சுருங்கிப்போன கல்லீரலில் அளவெடுத்து வைக்கும்போது கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அன்றைக்கு உயிரைப் பிடித்து நிறுத்தியதே பெரிய காரியம்.

தக்காளி_மண்டி, பாலக்கோடு

சிடி கிடைத்தது. பீரோவில் அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில், நகைச்சீட்டு அட்டையோடு இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடமே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டோம். கடைக்காரப் பையன் கல்யாண ஆல்பம் என்று நினைத்து ஆவலாக எட்டிப் பார்த்தான்.

கடைசிப் படத்தில் வளைந்த வலை தெரிகிறது. கீழ்ப் பக்கம் சின்ன வளையம் மாதிரி ஒரு கருப்புக் கோடு. மேலே வலை முடிந்த பிறகு கொஞ்ச தூரம் மெல்லிய குழாய், அதற்கு அப்புறம்தான் பெரிய குழாய். நீங்கள் சொன்ன அந்த இடைவெளி இதுதானா? டிஸ்சார்ஜ் சம்மரியில் 10 மில்லிமீட்டர் கவர்டு ஸ்டென்ட் (உறை போட்டது) என்றும், கல்லீரலுக்குள் வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் அழுத்த வித்தியாசம் 19-லிருந்து 9 ஆனது என்றும் இருக்கிறது.

ஓசூர்_கேத்லேப்

அதேதான். அந்தக் கருப்பு வளையம் தங்கம். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தங்க வளையம்தான், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக வைத்திருக்கிறார்கள். வையட்டார் என்ற ஸ்டென்டில் அது உண்டு. வளையத்துக்குக் கீழே 2 சென்டிமீட்டர் உறை இல்லாத வலை, அது போர்ட்டல் வெயினுக்குள் இருக்க வேண்டும், மற்ற கிளைகளுக்கு ரத்தம் வலை வழியாகப் போய்க்கொண்டிருக்கட்டும் என்று. வளையத்துக்கு மேலே முழுக்க உறை. போர்ட்டல் வெயினிலிருந்து குறுக்கு வழி தொடங்கும் வாசல்படியில் வளையம் சரியாக உட்கார வேண்டும். மேலே ஏறி உட்கார்ந்தால் வெறும் வலை கல்லீரல் சதைக்குள் மாட்டிக்கொள்ளும், அங்கே பித்தம் கசியும். கீழே இறங்கினால் உறை போர்ட்டல் கிளைகளை மறைக்கும். உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் உட்கார்ந்த இடம் சரியா என்று சொல்ல மாட்டேன்.

பழைய வெறும் வலைகளில் இன்னொரு தொல்லை. வால்ஸ்டென்ட் என்று ஒன்று, விரிய விரிய நீளம் குறையும். வைக்கும்போது வாய் வரை இருந்த நுனி, விரிந்து முடிக்கும்போது உள்ளே இறங்கி நிற்கும். அந்தக் காலத்து டெக்னீஷியன்கள் அதைத் திட்டாத நாள் கிடையாது.

தொப்பூர்_கணவாய்

அப்படியென்றால் நல்ல நீளமாக, இதயம் வரைக்கும் வைத்துவிட்டால் தீர்ந்ததே? எதற்கு இத்தனை கணக்கு?

பென்னாகரம்_வெள்ளைக்கோட்டு

தீராது. வீனா கேவாவுக்குள் ரொம்பத் துருத்திக்கொண்டு இதய அறை வரை போனால் அது வேறு ஆபத்து. அதைவிட முக்கியம், நாளைக்கு இவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்படலாம். பழைய கல்லீரலை எடுக்கும்போது வீனா கேவாவிலும் போர்ட்டல் வெயினிலும் கிளாம்ப் போடுவார்கள். அந்த இடத்தில் கம்பி வலை நுழைந்திருந்தால் அறுவை செய்கிறவர் பாடு திண்டாட்டம். வாய் வரை போக வேண்டும், வாயைத் தாண்டி நீளக் கூடாது.



காவேரிப்பட்டணத்துக்காரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி, குழாய் திறந்திருக்கிறதா என்பதையே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் குழாய் ரொம்ப நன்றாகத் திறந்திருந்தது. அதுதான் பிரச்சினை.

என் வீட்டுக்காரருக்கு வைத்த ஸ்டென்ட் அருமையாக ஓடியது. டாப்ளர் எடுக்கிறவரே சந்தோஷப்படுவார். ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து அவர் மாறிவிட்டார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாந்தோப்புக் குத்தகைக் கணக்கு நோட்டில் 7 போட வேண்டிய இடத்தில் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தார். ஒருநாள் லுங்கியைத் தலையில் கட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பிவிட்டார். சொந்தக்காரர்கள் மறுபடி குடிக்கிறார் என்றார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. குடலிலிருந்து வரும் அம்மோனியா மாதிரியான கழிவைக் கல்லீரல்தான் சுத்தம் செய்யுமாம். குறுக்கு வழியில் போகிற ரத்தம் சுத்தமாகாமல் நேராக மூளைக்குப் போகிறது. லாக்டுலோஸ் சிரப், ரிஃபாக்சிமின் மாத்திரை கொடுத்தும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசியில் உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைத்து வழியைக் குறுக்கினார்கள். காசு கட்டித் திறந்த வழியைக் காசு கட்டி அடைத்தோம். அந்த வருடக் குத்தகைப் பணம் அப்படியே போனது.

இப்போது தெளிவாக இருக்கிறார். வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, மாத்திரையில் சமாளிக்கிறோம். அதனால் இன்னொரு ஸ்டென்ட் வைக்கும் முன்னால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

ஓசூர்_கேத்லேப்

அக்கா சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் லேப்பில் நாங்கள் குழாயைத்தான் பார்க்கிறோம், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு நடப்பது எங்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது பல இடங்களில் 8 மில்லிமீட்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். போதவில்லை என்றால் பிறகு 10-க்குப் பெரிதாக்கலாம், அதற்கென்றே விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்டென்டும் இருக்கிறது. அழுத்த வித்தியாசம் 12-க்குக் கீழே வந்தால் ரத்தக் கசிவுக்குப் போதும். அதையும் தாண்டி இறக்கிக்கொண்டே போனால் அக்கா வீட்டில் நடந்ததுதான்.

தக்காளி_மண்டி, பாலக்கோடு

அக்கா, படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். போன வருடம் அப்பாவும் கொஞ்ச நாள் ராத்திரி தூங்காமல் இருந்தாராம், வயசானதால் என்று விட்டுவிட்டார்கள். வயிறு ஏற ஆரம்பித்த பிறகு தூக்கம் சரியாகிவிட்டது என்கிறார் அம்மா. அதாவது குழாய் சுருங்கச் சுருங்க மண்டை தெளிந்திருக்கிறதா?

பென்னாகரம்_வெள்ளைக்கோட்டு

அப்படி நடக்கும். அம்மா கவனித்தது முக்கியமான விஷயம், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த அளவுக்குத் திறப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இன்னொன்று. டாப்ளர் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். ஷண்டுக்குள் வேகம் 90-க்குக் கீழே போனாலும் 190-க்கு மேலே போனாலும் சந்தேகப்படுவோம். அதோடு நின்றுவிட முடியாது. கழுத்து வழியாகப் போய் அழுத்தத்தை நேரில் அளந்தால்தான் உறுதி. உங்கள் அப்பாவுக்கு வயிறும் ஏறியிருக்கிறது, எண்ணும் ஏறியிருக்கிறது, படத்திலும் இடைவெளி தெரிகிறது. அதனால் போய்ப் பார்ப்பதுதான் சரி.

அப்புறம், பயந்துகொண்டு பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். அது பழைய பத்தியம். சதை கரைந்தால் குழப்பம் இன்னும் கூடும். உப்பைக் குறையுங்கள், ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். லாக்டுலோஸ் எழுதிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிற அளவுக்குச் சரிபார்த்துக் கொடுங்கள்.

அரூர்_புளி

ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தால் அடைக்காதே? இதயத்துக்குக் கொடுப்பார்களே.

பென்னாகரம்_வெள்ளைக்கோட்டு

இது நல்ல கேள்வி சார். பட் கியாரி என்று ஒரு நோய், ஹெப்பாட்டிக் வெயினே ரத்தம் உறைந்து அடைந்துபோவது. அதற்காக ஷண்ட் வைத்தவர்களுக்கு அந்த மாத்திரை நீண்ட நாள் வேண்டும். இவருக்கு அடைத்திருப்பது ரத்தக்கட்டி இல்லை, தடித்த சதை. அதை மாத்திரை கரைக்காது. ரத்தம் கக்கிய மனிதர் வேறு, நாமாகக் கொடுக்கவே கூடாது.

தக்காளி_மண்டி, பாலக்கோடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சீசன் நேரம், மன்னியுங்கள்.

போன வாரம் முடிந்தது. காலையில் உள்ளே போனவரை மதியம் வெளியே கொண்டுவந்தார்கள். அளந்ததில் அழுத்த வித்தியாசம் 17-க்கு ஏறியிருந்தது. மேல் நுனிக்கும் பெரிய குழாய்க்கும் நடுவே இருந்த இடைவெளியில் பலூன் அடித்து, வாய் வரைக்கும் உறை போட்ட ஸ்டென்ட் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது 10. தூக்கம் கெட்டதைச் சொன்னேன், அதனால்தான் இதற்கு மேல் இறக்கவில்லை என்று டாக்டரே சொன்னார். நீளம் பற்றியும் கேட்டேன், கேசிங் பைப் கதையையும் சொன்னேன். அவர் சேலத்துக்காரர், உடனே புரிந்துகொண்டு சிரித்தார்.

ஒரே ஒரு சந்தேகம். மறுநாளே டாப்ளர் எடுத்தார்கள், புது ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் அடைத்துவிட்டதா? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஓசூர்_கேத்லேப்

அடைக்கவில்லை தம்பி, வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். புது உறையின் துளைகளுக்குள் காற்று மாட்டியிருக்கும். காற்று இருந்தால் ஸ்கேன் ஒலி உள்ளே போகாது. சில நாளில் அது போய்விடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். அதில் வரும் வேகத்தைத்தான் அட்டையில் எழுதி வைக்க வேண்டும், அடுத்த தடவை எதனோடு ஒப்பிடுவது என்று தேடாமல் இருக்கலாம். நடுவில் வயிறு ஏறினால், கறுப்பாக வெளிக்குப் போனால், பேச்சு குழறினால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். புது சிடியை கூறைப்புடவைக்கு அடியில் வைக்க வேண்டாம், பெங்களூர் பைலிலேயே இருக்கட்டும்.

காவேரிப்பட்டணத்துக்காரி

அப்பா எப்படி இருக்கிறார் தம்பி? ராத்திரி தூங்குகிறாரா?

தக்காளி_மண்டி, பாலக்கோடு

தூங்குகிறார் அக்கா. தினமும் காலையில் அம்மா அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ஒன்றிலிருந்து இருபது வரை எழுதச் சொல்கிறார். உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு விஷயத்தைச் சொன்னேன், அதிலிருந்து பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குக் கோபம், "நான் என்ன ஒண்ணாம் கிளாஸா" என்கிறார். எழுதுகிறார். நேற்று எண்களுக்குப் பதிலாக மண்டிக்கு வந்த பெட்டிக் கணக்கைத் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். நான் சரிபார்த்தேன். செவ்வாய்க்கிழமை கணக்கில் நான்தான் இரண்டு பெட்டி விட்டிருக்கிறேன்.